ஏற்ற துன்பமும் நேர்ந்த துன்பமும்

சிலாபம் நகரிலிருந்து சிறிது தூரம் உள்நோக்கிச் சென்றால் முன்னேஸ்வரம் என்னும் பழம்பெருந் தலத்தை அடையலாம். போர்த்துக்கேயரால் 1578ஆம் ஆண்டில் இடிக்கப்பெற்றுப் பின்னர் மீண்டும் எழுந்த கோயில் அங்குள்ளது. அத்தலத்தின் வரலாறு கூறும் செய்தியொன்று இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமையத்தக்கது. இராவண வதம் முடித்துச் சீதையோடு புட்பக விமானத்தில் மீண்டு சென்ற இராமனைப் பிரமகத்தி தோஷம் பின்தொடர்ந்தது என்றும், முன்னேஸ்வரத்தின் எல்லையை அடைந்ததும் அது தன்னைத் தொடராமை கண்டு அவன் விமானத்தினின்றும் இறங்கினான் என்றும், இறைவனை வழிபட்டுத் தன் பழி முற்றும் நீங்கும் வழியை வினவினான் என்றும், மானாவரி, திருக்கோணேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், இராமேஸ்வரம் ஆகிய நான்கிடங்களில் இலிங்கம் தாபிக்குமாறு பணிக்கப்பெற்றான் என்றும் அவ்வரலாறு கூறும். இக்கதையின் சமயப் பொருளை ஈண்டு ஆராய வேண்டுவதில்லை. கடல் கடந்து சென்று மீண்ட இருவர் இக்கரையில் இறங்கினர். இறங்கியவன் தான் கண்டவற்றைச் சொல்லத் தொடங்காது, ஒன்றைக் கேட்கத் தொடங்கினான். இதனை மட்டும் நினைவில் இருத்திக்கொள்வோம்.

நெடுங்கடற் பயணம் மேற்கொண்டோர் கரையில் தங்கித் தம் அனுபவத்தை எடுத்துரைப்பது இன்று பாய்மரப் படகுக் கழகங்களின் வழக்கங்களுள் ஒன்றாகியுள்ளது. 1846இல் பம்பாயிலும், பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாரின் முயற்சியால் 1911இல் சென்னையிலும் தோன்றிய கழகங்கள் முதலாக, நம் பிரதேசத்துத் துறைமுக நகர்கள் பலவற்றில் இத்தகைய கழகங்கள் உள. சிறு படகிற் பல்லாண்டுகள் உலகைச் சுற்றிய முதிய தம்பதியர் ஒருவர் அந்நகருக்கு வருவராயின், கழகத்தினர் ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்கென ஒதுக்குவர். கதிரைகள் வரிசையாக இடப்படும். சுவரில் உலகப் படம் தொங்கும். புயலும் அமைதியும், பசியும் நோயும், காணாத தீவுகளும் அறியாத மனிதரும் பேச்சில் இடம்பெறும். பின்னர் வினாக்கள் எழும். நன்றியுரையோடு கூட்டம் கலையும்.

அத்தகைய மாலையொன்றில் அவையோருள் ஒருவனாக யானும் இருந்ததுண்டு. பேச வந்த தம்பதியர் எழுபது வயதைக் கடந்தவர். தம் படகில் இயந்திரம் பொருத்தாது, காற்றை மட்டுமே நம்பிப் பல கடல்களைக் கடந்தவர். காற்று ஓய்ந்த நாள்களில் அசையாத நீர்மேல் காத்துக் கிடந்ததையும், குடிநீரை அளந்து குடித்ததையும், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிற் படித்ததையும் அவர்கள் அடக்கத்தோடு சொன்னார்கள். அவை அவர்களைப் பெரிதும் பாராட்டியது. பாராட்டியோருள் யானும் ஒருவன். கழகத்துப் படகுகளைக் கழுவிக் காத்துவந்த ஊழியர் ஒருவர் கதவோரம் நின்றபடியே முழுப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். எம்மூர்ப் பக்கத்துக் கடற்றொழிற் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். பேச்சின் பொருளை அருகிருந்தோர் அவ்வப்போது அவருக்குச் சொல்லிவந்தனர். கூட்டம் கலைந்தபின் அவர் என்னிடம் வந்து, “ஐயா, இயந்திரம் இல்லாமற் கடலுக்குப் போவது அவ்வளவு பெரிய காரியமா? எண்ணெய் கிடைக்காத நாளில் என் தம்பியும் துடுப்பு வலித்துத்தானே போனான்?” என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இருக்கவில்லை. மெய்யாகவே விடையறிய விரும்பிக் கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. அவ்வினாவுக்குரிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

வினாவைத் தெளிவாக்கிக்கொள்வது முதற்கடன். ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் துன்பத்தை ஏற்ற துன்பம் எனவும், வாழ்க்கை நிலையால் ஒருவர்மேல் வந்து பொருந்தும் துன்பத்தை நேர்ந்த துன்பம் எனவும் கொள்வோம். புறத்தே நோக்குமிடத்து இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். அதே கடல், அதே காற்று, அதே விளக்கு, அதே அளந்த நீர். எனினும் ஒன்றை நாம் வீரம் என்றும் எளிமை என்றும் போற்றுகின்றோம். மற்றதை வறுமை என்று பெயரிட்டு, இரக்கமோ அலட்சியமோ காட்டிக் கடந்து செல்கின்றோம். இவ்வேறுபாட்டுக்கு அறத்தின்பாற்பட்ட நியாயம் உண்டா? அன்றி, இது நம் பார்வையின் குறையா?

எளிய கடற்பயணத்துக்கு உலகறிந்த உதாரணம் லின் பார்டி, லாரி பார்டி ஆகிய இருவரது வாழ்க்கை. 24 அடிக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய ‘செராஃபின்’ என்னும் படகைத் தம் கைகளாலேயே கட்டி, 1968இல் கலிபோர்னியாவில் நீரில் இறக்கினர். இயந்திரம் இல்லாத அப்படகில் பதினோராண்டுகள் பயணஞ் செய்து உலகைச் சுற்றினர். செங்கடலைக் கடந்து, இந்து சமுத்திரத்தின் வழியே இலங்கையையும் தொட்டுக் கிழக்கே சென்றனர். 1983இல் ‘தலேசின்’ என்னும் மற்றொரு படகையும் கட்டி மீண்டும் கடலேறினர். லாரி பார்டி 2020ஆம் ஆண்டிற் காலமானார். சிறிய படகு, குறைந்த பொருள், காலந் தாழ்த்தாத புறப்பாடு என்பன அவர்கள் பிறர்க்கு உரைத்த நெறி. பொருள் மிகுதியிலேயே வாழ்வின் நிறைவு உளதென நம்பிய ஒரு சமுதாயத்தின் நடுவே அவர்கள் அந்நெறியை வாழ்ந்து காட்டினர் என்பதில் ஐயமில்லை.

இனிச் சிலாபக் கரைக்கு வருவோம். இங்கும் இதற்கு வடக்கேயும் உள்ள சிறு படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் இயங்கும் வெளியிணைப்பு இயந்திரங்களையே நம்பியுள்ளன. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலை ஒரே நாளிற் பெரிதும் உயர்த்தப்பட்டபோது சிலாபத்துக் கடற்றொழிலாளர் வீதியில் இறங்கிப் போராடினர். அப்போராட்டத்தில் ஒரு தொழிலாளர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். பத்தாண்டுகளுக்குப் பின், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எண்ணெய் கிடைப்பதே அரிதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இயந்திரம் இருந்தும் எண்ணெய் இல்லாமையால், படகைக் கரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவர் பலர். ஓரிடத்தில் இயந்திரமின்மை ஒரு கொள்கை; மற்றோரிடத்தில் அடுப்பு எரியாமை. கதவோரம் நின்றவரின் வினா இவ்விரண்டிற்கும் நடுவிலிருந்தே எழுந்தது.

ஏற்ற துன்பமே உயர்ந்தது என்பார் கூறும் நியாயத்தை முதலிற் கேட்போம். உரோம அறிஞர் செனெக்கா பெருஞ் செல்வர். தம் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய கடிதங்களுள் ஒன்றில், இடையிடையே சில நாள்களை ஒதுக்கி, எளிய உணவும் முரட்டு உடையுங் கொண்டு வறுமையைப் பயிலுமாறு அறிவுறுத்துகின்றார். அவ்வாறு செய்வதைப் பெருஞ்செயலாகக் கருத வேண்டாம் என்றும், ஆயிரக்கணக்கான அடிமைகளும் ஏழைகளும் நாள்தோறும் அவ்வாறே வாழ்கின்றனர் என்றும் அவரே ஒப்புக்கொள்கின்றார். எனினும், கட்டாயமின்றித் தானே செய்வதொன்றே அதில் மதிக்கத்தக்கது என்பது அவர் கருத்து. அஃதாவது, செயலின் மதிப்பைத் தீர்மானிப்பது செயலன்று. அதன் பின்னுள்ள சித்தமே என்பதாகும்.

நம் மரபும் இதனை முற்றாக மறுக்கவில்லை. இல்லாமையை வறுமை என்றும், உள்ளதை விடுதலைத் துறவு என்றும் வேறுபடுத்தியே நாம் வழங்கிவருகின்றோம். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்வணிகராய்ச் செல்வத்தில் திளைத்த பட்டினத்தார், ஒரு நாளில் அனைத்தையும் துறந்து ஓடேந்தினார் என்று கேட்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கின்றது. அவர் அருகில் அதே ஓட்டோடு நின்ற பிச்சைக்காரனின் வரலாற்றை எவரும் கேட்டதில்லை. துறப்பதற்கு ஏதுமில்லாதவனைத் துறவி என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

இந்நியாயத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று என்பதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, வாயில் பற்றியது. ஏற்ற துன்பத்துக்கு எப்போதும் ஒரு வாயில் திறந்திருக்கின்றது. படகில் வாழும் தம்பதியர் நோயுற்றால் தாய்நாடு திரும்பலாம். சலித்தாற் படகை விற்கலாம். அவ்வாயிலை அவர்கள் ஒருபோதும் பயன்படுத்தாதிருக்கலாம். ஆனால் அது திறந்திருக்கின்றது என்னும் அறிவே துன்பத்தின் தன்மையை மாற்றிவிடுகின்றது. நேர்ந்த துன்பத்தின் கொடுமை பசியிலும் குளிரிலும் மட்டும் இல்லை. நாளையும் இதுவே என்னும் உறுதியிலேதான் அதன் பெரும்பகுதி உள்ளது. கடலின் எல்லைகளும் இருவருக்கும் ஒன்றல்ல. உலகஞ் சுற்றும் படகு உரிய பத்திரங்களோடு வந்தால் துறைமுகம் அதனை விருந்தாக ஏற்கின்றது. 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட கடலெல்லையை மீனைத் தொடர்ந்து தாண்டிய தொழிலாளியை, அவன் எக்கரையைச் சேர்ந்தவனாயினும், சிறையே எதிர்கொள்கின்றது. ஆகவே செனெக்கா பயின்றது வறுமையின் புறத்தோற்றத்தை மட்டுமே. அடிமையாய் வாழ்ந்து பின்னர் ஞானியாய் விளங்கிய எபிக்டெட்டசு கற்றது வேறொரு பாடம்.

இரண்டாவது, துணிவு பற்றியது. அரிஸ்டோட்டில் தமது அறநூலிற் கடலைப் பற்றிக் குறிப்பிடுமிடத்து ஒரு நுண்ணிய வேறுபாடு காட்டுகின்றார். துணிவுடையோன் கடலிலும் அஞ்சான். ஆயின் மாலுமிகள் அஞ்சாதிருப்பது அவனைப் போலன்று, அவர்கள் தம் அனுபவத்தால் நம்பிக்கையுற்றிருக்கின்றனர் என்பது அவர் கருத்து. இதனைக் கொண்டு நோக்கின், பழகிய தொழிலாளியின் அஞ்சாமை வெறும் பழக்கமென்றும், விரும்பிச் சென்றவரின் அஞ்சாமையே துணிவென்றும் முடிவுசெய்யத் தோன்றும். அம்முடிவு பொருந்தாது. முதலாவதாக, பல்லாண்டு பயணஞ் செய்த தம்பதியரும் அனுபவத்தையே நம்புகின்றனர். அவ்வகையில் அவர்களும் மாலுமிகளே. அடுத்ததாக, தொழிலாளியின் வாழ்வில் தெரிவு இல்லை என்பது கரையிலிருந்து நோக்குவோரின் மயக்கம். கடலுக்குப் போவதா இல்லையா என்பது அவன் கையில் இல்லாதிருக்கலாம். ஆயின் விடியுமுன் கரையில் நின்று மேகத்தையும் அலையையும் பார்த்து இன்று போகலாமா எனத் தீர்மானிப்பவன் அவனே. வலை நிறையும் வேளையில் அயற்படகு கவிழக் கண்டால், வலையை அறுத்துவிட்டு அங்கே செல்வதா வேண்டாமா எனத் தீர்மானிப்பவனும் அவனே. தான் தெரிந்தெடுக்காத வாழ்வினுள்ளே நாள்தோறும் தெரிவுகள் பல செய்கின்றான். அத்தெரிவுகளைக் காண நாம் அங்கே இருப்பதில்லை. ஆதலின் அவை இல்லையென எண்ணிவிடுகின்றோம்.

மூன்றாவது காரணம் முன்னேஸ்வரத்தையும் அதன் அயலையும் அறிந்தோருக்கு எளிதில் விளங்கும். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு, கரைவலை இழுக்கும் தமிழ்க் கடற்றொழிலாளர் நிறைந்த ஊர். அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதத்துப் பெருவிழாவின்போது தீமிதிப்பு நிகழும். பல நாள் விரதமிருந்து, ஆண்டு முழுவதும் உப்புநீரிலும் வெயிலிலும் உழைத்த அதே பாதங்களால் அவர்கள் தழல்மேல் நடக்கின்றனர். வாழ்க்கையே போதிய துன்பந் தந்திருக்க, மேலும் ஒரு துன்பத்தை ஏன் விரும்பி ஏற்கவேண்டும் என்று புதிதாய் வந்தவர் வியப்பதுண்டு. நோயுற்ற பிள்ளைக்காகவும், கடலிற் சென்ற கணவனுக்காகவும், பிழைத்து வந்தமைக்கு நன்றியாகவும் வைத்த நேர்த்தி என்பதே அவர்களின் விடை. நேர்ந்த துன்பத்தில் அவர்களிடம் எவரும் சம்மதங் கேட்கவில்லை. தழலின் முன் நிற்கும்போதோ, இதனை நான் செய்கிறேன், இன்னாருக்காகச் செய்கிறேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டாகின்றது. ஏற்ற துன்பம் செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் இங்கே தகர்ந்துபோகின்றது. ஏற்றலும் நேர்தலும் இருவேறு மனிதரின் அடையாளங்கள் அல்ல. ஒரே மனிதரின் வாழ்விலேயே இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

தீமிதிப்பு நமக்கு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. ஏற்ற துன்பத்தின் மதிப்பு, அது ஏற்கப்பட்டது என்பதில் மட்டும் தங்கியிருக்கவில்லை; யாருக்காக, யாரை நோக்கி ஏற்கப்பட்டது என்பதிலும் தங்கியுள்ளது. எவரையும் நோக்காத துன்பம், தன் வலிமையைத் தானே கண்டு மகிழும் விளையாட்டாக முடிந்துவிடக்கூடும். இவ்வளவுகோலைக் கொண்டு அம்முதிய தம்பதியரை மீண்டும் நோக்குவோமாயின், அவர்களிடம் பாராட்டத்தக்கதாய் நாம் கருதியது ஒன்றாகவும், மெய்யாகவே பாராட்டத்தக்கது வேறொன்றாகவும் இருக்கக் காணலாம்.

இருவர் மட்டுமே செல்லும் படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருத்தல் வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். உறங்குபவர் தம் உயிரை முழுதும் மற்றவர் கையில் ஒப்படைத்துவிட்டே கண்மூடுகின்றார். இந்தியக் கடற்படையைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய பெண் அதிகாரிகள் இருவர், 2024 ஒக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகிற் புறப்பட்டு, தென்னமெரிக்காவின் ஹோர்ன் முனையையும் சுற்றி, 2025 மே 29ஆம் நாள் மீண்டனர். ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஒருவர் விழிப்பை மற்றவர் நம்பியதன் பயனே அப்பயணம். அம்மாலையிற் பேசிய தம்பதியரின் நாற்பதாண்டு வாழ்க்கையும் இத்தகைய நம்பிக்கையால் ஆனதே. இயந்திரமின்மையைக் கண்டு வியந்த அவை இதனைக் கவனிக்கவில்லை. இந்நம்பிக்கையோ கதவோரம் நின்றவருக்குப் புதியதன்று. சிறு படகில் இருவராய்ச் செல்லும் உடன்பிறந்தாரும், இரவு முழுதும் கரையில் விளக்கு அணையாது காத்திருக்கும் மனைவியும், விடிந்தபின் மீனைக் கூடையிலேந்தி விற்கச் செல்பவளும் அதே காவல்முறையையே கைக்கொள்கின்றனர். மேடையில் இருந்தவரும் வாயிலில் நின்றவரும் ஒருவரையொருவர் நன்கு விளங்கிக்கொள்ளக்கூடிய இடம் இது ஒன்றே. அவர்களிடையே பேச்சு நிகழ இடமளிக்காதது எம்முடைய கதிரை வரிசைகள்தாம்.

இங்கே நம் நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை ‘சுவாப்’ என்னும் சிறு படகில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்றவர். தம் பயணத்தை நூலாகவும் எழுதியவர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டிருந்த ‘அன்னபூரணி’ என்னும் 89 அடிக் கப்பலை அவர் விலைக்கு வாங்கினார். அதற்குத் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ எனப் பெயரிட்டார். அக்கப்பல் 1937இல் நம் கரையை விட்டுச் சுயெஸ் வழியாக மத்தியதரைக் கடலையும் பின்னர் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் முதலாம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றவருள் ஐவர் வல்வெட்டித்துறையினர். தம்மூர்த் தச்சர் கட்டிய கப்பலில், தம் முன்னோர் செல்லாத கடலை அவர்கள் கடந்தனர். ரொபின்சனின் பயணம் கடல் நூல்களிலெல்லாம் இடம்பெற்றது. இவ்வைவரின் பயணம் நெடுங்காலம் அவர்கள் ஊர் நினைவிலேயே தங்கியிருந்தது.

மனைவியின் பெயரைக் கப்பலுக்கு இடுவதிற் குற்றமில்லை. அன்பின் வெளிப்பாடே அது. அக்கப்பலை வியந்து வாங்கி, உலகறியச் செய்தவரும் ரொபின்சனே என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அன்னபூரணி என்னும் பெயர் மறைந்த இடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியவராகின்றோம். விரும்பிச் சென்றவரின் பயணம் கதையாகின்றது. கூலிக்குச் சென்றவரின் பயணம் வேலையாகின்றது. இப்பாகுபாட்டைச் செய்தது கடலன்று. அலை இருவரையும் ஒன்றுபோலவே மோதியது. செய்தவர் கரையில் இருந்து கேட்டவர்களே.

ஆதலின் குற்றத்தைப் பயணிகள்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. வசதியுள்ளவர் அனைவரும் வசதியிலேயே மூழ்கியிருக்க, அதனை விட்டுச் சிறு படகில் ஏறியவரைப் போலி என்று பழிப்பது எளிது. பழிப்பதால் எந்தத் தொழிலாளியின் வீட்டிலும் எண்ணெய் சேராது. மேலும், வடகரையில் வத்தைகளும் தோணிகளும் பாய்விரித்த காலம் கழிந்து, காற்றைப் பயன்கொள்ளும் நுட்பம் நம்மிடமே தேய்ந்துவரும் இந்நாளில், அந்நுட்பத்தை அழியாது காத்துவருவோருள் இத்தம்பதியர் போன்றோரும் உளர். அவர்கள் விரும்பி ஏற்றதாலேயே அவ்வறிவு பிழைத்திருக்கின்றது. இதுவும் ஏற்ற துன்பத்தின் பயன்களுள் ஒன்று.

அவ்வாறாயின் கடமை யாது? வாயில் திறந்திருப்போருக்கு அதனால் ஒரு கடன் உண்டாகின்றது என்பதே யான் அடைந்த முடிவு. அவர்கள் வாயிலை அடைத்துக்கொள்ள வேண்டுமென்பதில்லை. அஃது அடைபட்டவரும் அதே கடலில் உளர் என்பதை அறிதலும், தம் கதையில் அவர்க்கு உரிய இடத்தை அளித்தலும், அவர்களிடம் கேட்டறிதலுமே அக்கடன். எளிமையை மேற்கொண்டவர், எளிமை விதிக்கப்பட்டவரைக் கண்டு தம் எளிமையின் அளவை உணர்வராயின், அவ்வெளிமை அறமாக உயரும். உணராராயின் அது நல்லதொரு பொழுதுபோக்காக நின்றுவிடும்.

கேட்போராகிய நமக்குள்ள கடன் இதனினும் பெரிது. விருந்தினரை வரவேற்று அவர் மொழியைச் செவிமடுப்பது நம் பண்பு. அதனைக் கைவிட வேண்டுவதில்லை. ஆயின் தொலைவிலிருந்து வந்த துன்பத்தைப் போற்றும் செவி, அயலிலுள்ள துன்பத்துக்கும் திறந்திருத்தல் வேண்டும். உடப்புக் கரையில் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களில் காற்றும் நீரோட்டமும் பசியும் பக்தியும் எல்லாம் உள. அவர்கள் தம் அனுபவத்தைச் சொல்லாமல் இல்லை. மேடையில் நின்று சொல்லாது, கயிற்றைப் பற்றி இழுத்தபடி ஒருவருக்கொருவர் சொல்கின்றனர். அதனைக் கேட்க விரும்புவோர் கதிரையை விட்டு எழுந்து, மணலில் நடந்து செல்ல வேண்டும்.

கதவோரம் நின்றவர் கேட்ட வினாவுக்கு இன்று ஒருவாறு விடை கூறலாம். இயந்திரமின்றிக் கடலேறுதல் பெரிய காரியமே. விரும்பிச் சென்றவருக்கும் பெரிது. வேறு வழியின்றிச் சென்ற அவர் தம்பிக்கும் பெரிது. முன்னதை நாம் பெரிதென்று கண்டோம். பின்னதைக் காணத் தவறினோம். தவறு எம்முடையது.

ஆவணித் திங்களில் முன்னேஸ்வரத்துப் பெருவிழா நிறைவுறும் காலத்தில் தெதுறு ஓயாவிலே தீர்த்தம் நிகழும். தமிழர் அந்த ஆற்றை மாயவனாறு என்பர். சிங்களவரும் தமிழரும், செல்வரும் ஏழையரும், ஏற்ற நேர்த்தியோடு வந்தவரும் நேர்ந்த துயரோடு வந்தவரும் ஒரே நீரில் இறங்குவர். யார் துன்பம் பெரிதென்று அங்கே எவரும் அளப்பதில்லை. விமானத்திற் சென்றவனும் இத்தலத்தில் இறங்கியே வினவினான் என்னும் கதையை அந்நேரத்தில் நினைத்துக்கொள்வேன். அடுத்த முறை அக்கழகத்தில் அத்தகைய மாலையொன்று நிகழுமாயின், பேச்சு முடிந்தபின் விருந்தினரை அழைத்துச் சென்று படகு காப்பவரின் அருகே இருக்கச் செய்து, “இனி நீங்கள் இவரிடம் கேளுங்கள்” என்று சொல்ல வேண்டுமென எண்ணியிருக்கின்றேன். கடலைக் கடந்து வந்தவர்கள் ஆதலின், அதன் பொருளை அவர்கள் உடனே உணர்வர் என்றே நம்புகின்றேன்.